நடு வரிசை

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொள்வார்கள். நெல்டாவும் அப்படித்தான் போனாள்.

இந்த ஆட்டத்தில் கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது. பாட்டு ஓட ஓட எல்லோரும் ஒவ்வொரு சுவராகத் திரும்புவோம். இரண்டு திருப்பத்தில் பின்னால் நின்றவள் முன்னால் வந்துவிடுவாள். பார்த்து ஆட எதிரே ஆள் இருக்காது.

நெல்டா சுவரைப் பார்த்தபடி மரம் மாதிரி நின்றுவிட்டாள்.

"ஹோய்ட், பாட்டை நிறுத்து!" என்று பாட்டுப் போடுகிறவரைப் பார்த்துக் கத்தினேன். எங்கள் ஊர் முன்னாள் ராணுவத்தினர் கூடத்தில் செவ்வாய்தோறும் இந்த வரிசை நடனத்தைச் சொல்லிக்கொடுப்பவள் நான். கத்தினால்தான் வேலை நடக்கும்.

"புதுசா வர்றவங்க நடுவுல நிக்கணும் கண்ணு. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால ஒரு முதுகு இருக்கும்."

கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினேன். அப்போதுதான் அவள் பூட்ஸைப் பார்த்தேன். ஆம்பிளை பூட்ஸ். ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் கழன்று தொளதொளத்தது.

"யாரோடது இது?"

"என் மகன் டெரலோடது."

"கழட்டிட்டு ஆடேன்."

"இல்ல. சனிக்கிழமையும் இதத்தான் போட்டுக்கப்போறேன்."

உள்ளே வந்ததுமே சொல்லியிருந்தாள். சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் டெரலுக்குப் பிடித்த இந்தப் பாட்டைப் போடுவார்கள். அவன் கூட்டாளிகள் எல்லாரும் ஆடுவார்கள். என்றாவது கற்றுக்கொண்டு அவர்களோடு ஆடுவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் ஆட்டம் காலில் படிந்துவிட வேண்டும்.

ஊரில் கல்யாணங்கள் நடக்கிற ஜூன் மாதம், சனிக்கிழமை, தேவாலயம். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தடுக்கி விழுந்தால் ஊர் அதையே வருஷம் முழுக்கப் பேசும். நான் விட்டுவிடுவேனா?

பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே ஆடினாள். திரும்புகிற இடத்தில் பூட்ஸ் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனது. விழவிருந்தாள், விழவில்லை.

கடைசியில் ஒருவழியாக நாலு சுவரையும் சுற்றி வந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினோம். அவள் மட்டும் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லையே! கல்யாணப் பொண்ணு தோத்துடுவா போ," என்றேன். "ஆமா, பூட்ஸை நீ மாட்டிக்கிட்டா மாப்பிள்ள என்ன, வெறுங்காலோட நிப்பானா?"

ஹோய்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

நெல்டா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"அவன வைக்கிற பெட்டியில கீழ்ப்பாதிய மூடித்தான் வைப்பாங்களாம். கால் வெளிய தெரியாதாம். அடக்கம் பண்றவங்க பூட்ஸ் வேணாம்னு என் கையில குடுத்துட்டாங்க."

என் நாக்கு அழுகிப்போகக் கூடாதா என்று இருந்தது.

அவளே பேசினாள். "அந்தத் திருப்பம் மட்டும் இன்னொரு தடவை காட்டு. அதுலதான் விட்டுடறேன்."

அவள் பக்கத்தில் நின்று அந்தத் திருப்பத்தை மெதுவாக ஆடிக் காட்டினேன். ஹோய்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார். யாரும் சொல்லாமலே எல்லோரும் நாலு பக்கமும் அவளை ஒட்டி வந்து நின்றார்கள்.

"சனிக்கிழமையும் நடுவுலயே நில்லு," என்றேன். "நாங்க வர்றோம்."