நான்காவது வட்டம்

"இறங்க மாட்டான்க்கா. நாலாவது தடவையா சுத்துறான். நம்ம ஊர் மேல காதலோ என்னவோ," என்கிறான் சாலையே இல்லாத அந்த வடதுருவக் கடலோர ஊரின் வானொலியை நடத்தும் யோவானசி, ஒலிவாங்கியை ஒலீபிகாவின் பக்கம் தள்ளியபடி. அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் முழுக்க மூடுபனி. நண்பகல் என்பதைக் கடிகாரம்தான் சொல்கிறது. மேலே விமானத்தின் உறுமல் மட்டும் கேட்கிறது. பால்மாவு அதில்தான் இருக்கிறது. கடை அலமாரியில் இரண்டு வாரமாக 'அரசு மானிய விலை' என்ற அட்டை மட்டுமே ஒட்டியிருக்கிறது. தங்கை பெற்று இவளுக்கு வளர்க்கக் கொடுத்த இரண்டு மாதக் குழந்தை, அவள் மேலங்கியின் முதுகுப்பையில் வெறும் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கிடக்கிறது. இல்லாதவர்கள் இந்த வானொலியில் கேட்பதும், "கடல்நாய் அறுத்திருக்கோம், வந்து எடுத்துக்குங்க" என்று ஒலீபிகா முதல் ஆளாகத் தொலைபேசியில் அழைப்பதும் ஊர் வழக்கம். உறுமல் தெற்கே தேய்ந்து மறைகிறது. காலையிலிருந்து சிணுங்கிய குழந்தை இப்போது சத்தமே இல்லாமல் இருக்கிறது. ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் ஒலிவாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். "ஒலீபிகா பேசுறேன். இன்னிக்குக் குடுக்கறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. யார் வீட்டுலயாவது பால்மாவு டப்பா அடியில கொஞ்சம் ஒட்டிட்டிருந்தாலும் போதும், எங்களுக்குத் தருவீங்களா?"