பத்து நிமிஷம் மூத்தவள்

"பெரியவளுக்கு டெஸ்ட்டே வேண்டாம் மிஸ். அவ நியூஸ் பேப்பரையே கடகடன்னு படிப்பா. சின்னவளுக்குத்தான் புத்தகத்தைக் கண்டாலே காய்ச்சல் வந்துடும்" என்றாள் இரட்டையரின் அம்மா.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணற வைக்கும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி அது. சேர்ப்பதற்கு முன் ஒரு அட்டையைக் கொடுத்துப் படிக்க வைத்துப் பார்ப்பார்கள். இரட்டையர் என்றால் இரண்டு பேரையுமே பார்த்துவிடுவது டீச்சரின் வழக்கம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்ற நல்ல பேருக்குள்ளேயே சில சமயம் குறை ஒளிந்துகொண்டிருக்கும்.

"அஞ்சு நிமிஷ வேலைதாம்மா. பெரியவளே முதல்ல வரட்டும்."

பெரியவளுக்கும் எட்டு வயதுதான். பத்து நிமிஷம் முந்திப் பிறந்த ஒரே தகுதியில் அந்தப் பட்டத்தை வாங்கியவள். விறைப்பாக வந்து உட்கார்ந்தாள்.

ஒரு வாத்து குளத்துக்குப் போகிற கதை. ஆறே வரி.

முதல் வார்த்தையிலேயே தடுக்கி விழுந்தாள். அப்புறம் எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஆறு வரியைக் கடப்பதற்குள் அந்த வாத்தே கிழடாகிப் போயிருக்கும்.

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னடி இது? நேத்துகூட அப்பாவுக்கு லெட்டர் படிச்சுக் காட்டினியே!"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வயிற்று வலி, கண் எரிச்சல், அவசரமாக பாத்ரூம் என்று பத்தொன்பது வருஷமாக எல்லாச் சாக்குகளையும் பார்த்தவர். இந்தப் பிள்ளையின் கண் மட்டும் வரியோடு சரசரவென்று ஓடியதையும், வாய் வேண்டுமென்றே நொண்டியதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. நன்றாகப் படிப்பவள் எதற்கு இப்படி நடிக்க வேண்டும்? அதுதான் பிடிபடவில்லை.

"நீ வெளியில பெஞ்சில உட்காரும்மா. தங்கச்சியை அப்புறம் கூப்பிடறேன்."

ஃபாரம் நிரப்ப அம்மாவிடம் கேட்க வேண்டியவை நிறைய இருந்தன. எப்போது பேச ஆரம்பித்தாள், எப்போது நடந்தாள் என்று கேட்டு எழுதி முடிக்கவே கால் மணி நேரம் ஓடிவிட்டது. பிறகுதான் சின்னவள் வந்தாள்.

அட்டையைக் கையில் வாங்கினாளோ இல்லையோ, பொரிந்து தள்ளிவிட்டாள். ஆறு வரியும் ஒரே மூச்சில். ஒரு பிழை கிடையாது.

அம்மா எழுந்தே விட்டாள். "அப்போ இவளுக்கு ஒண்ணும் இல்லையா மிஸ்? கடவுளே! நான் வீணா பயந்துட்டேனா?"

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க டீச்சருக்கே மனசு கஷ்டமாக இருந்தது. சின்னவளின் வாய் கடைசி வரியை முடித்தபோது, அவள் விரல் இன்னும் இரண்டாவது வரியில்தான் நின்றிருந்தது.

டீச்சர் வேறொரு அட்டையை நீட்டினார். "இதையும் படி கண்ணு."

சின்னவள் அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். உதடு துடித்தது.

"இதை அக்கா சொல்லித் தரலையே மிஸ்..."

அவ்வளவுதான், குட்டு உடைந்தது. உள்ளே பார்த்த ஆறு வரியையும் மனசில் வாங்கிக்கொண்டு போய், வெளியே பெஞ்சில் வைத்துத் தங்கைக்கு ஓதியிருக்கிறாள் பெரியவள். படிக்க வராதே தவிர, காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வதில் சின்னவள் சூரப்புலி.

பெரியவள் மறுபடி உள்ளே வரவழைக்கப்பட்டாள். தங்கையின் அழுத முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவளுக்குப் பொறாமை மிஸ்!" அம்மா கொதித்தாள். "தங்கச்சிக்குப் புது ஸ்கூல், புது யூனிஃபார்ம், புதுப் பைன்னு வீட்ல பேசிக்கிட்டிருந்தோம். அதான் அந்த இடத்தைத் தட்டிப் பறிக்கப் பார்த்திருக்கா. எட்டு வயசுல என்ன கள்ளத்தனம் பாருங்க!"

டீச்சருக்கும் கோபம்தான். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் உதவி தேவைப்படுகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருப்பார். அந்தப் பிள்ளை பழைய வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் திண்டாடியிருக்கும்.

"அம்மா சொல்றது நிஜமாம்மா? உனக்குப் புதுப் பை வேணும்னா இப்படிப் பண்ணினே?"

பெரியவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"தங்கச்சிக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிடுங்க மிஸ். எனக்குத்தான் படிக்க வரலைன்னு எழுதுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வந்தாப் போதும்ல?"

"யாருக்கு வேணுமோ அவங்கதானே வரணும்? நீ எதுக்கு இங்க வரணும்?"

பெரியவள் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒழுங்காப் படிக்கலைன்னா இந்த ஸ்கூல்ல கொண்டு வந்து தள்ளிடுவேன், இங்க தோலை உரிச்சுடுவாங்கன்னு அம்மா அவகிட்ட தினமும் சொல்வாங்க மிஸ். அவ அடி தாங்க மாட்டா. நான்னா தாங்கிப்பேன்."