பொய் ரொட்டி

"அப்பா, விளையாட்டுக் கடையில ரொட்டி வித்தா, வீட்டு ரொட்டி தீர்ந்துடுமா?"

போன வாரம் மகள் லோசே இப்படிக் கேட்டபோது மனாசே சிரித்தான். "எப்படிம்மா தீரும்? அது பொய் ரொட்டிதானே."

அவன் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். வெலிங்டனில் அவர்கள் துறைமுகத்துக்காக எழுதும் மென்பொருள், பழைய கடல் அலைப் பதிவுகளை அழிக்கும். சரியாக அழிக்கிறதா என்று பார்க்க ஒரு பொய் ஃபோல்டரை உண்டாக்கி, அதில் அழித்துச் சோதிப்பார்கள். நிஜ ஃபோல்டரில் ஒரு தூசிகூட அசையக் கூடாது.

இன்று காலை ஏழரைக்கு, சோதனை தேறியதாகத் திரை பச்சை காட்டியது. நிஜ ஃபோல்டர் காலியாகக் கிடந்தது.

மனாசே டீ கப்போடு சர்வர் அறையில் உட்கார்ந்து சோதனையை வரி வரியாகப் படித்தான். மற்ற வரிகள் எல்லாம் பொய் ஃபோல்டரைத்தான் தொட்டன. அழிக்கும் வரி மட்டும் நிஜத்தைத் தொட்டிருந்தது. நகல் வைத்திருந்த டிஸ்கைச் செருகினான். பதிவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்னடா பண்ற?" உடன் வேலை செய்யும் க்ரேக்கின் குரல்.

"டீ குடிக்கிறேன்."

"அங்கயா? பாத்து, கொட்டிடாத. ஒன்பது மணிக்குத் துறைமுகத்துக்காரங்க வராங்க. ஒரு பதிவு குறைஞ்சாலும், சோதனை எழுதின ஆளுக்கு இன்னைக்கே சீட்டு கிழியும்னு பாஸ் சொல்லிட்டார்."

"தெரியும் மச்சான். நீ போ."

பாதிதான் திரும்பியிருந்தது. மீதி வருவதற்குள் அந்த வரியைத் திருத்தினான். 'ஆண்டவரே, ஒன்பதுக்கு முன்னாடி.'

எட்டு ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் பதிவும் வந்து சேர்ந்தது.

வெளியே வந்தான். ஹெதர் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். யாரையும் புகழ்ந்தறியாதவர், ஓய்வுபெற மூன்றே மாதம் பாக்கி.

"மனாசே, நேத்து நான் எழுதின சோதனை தேறிச்சா?"

"தேறிடுச்சு ஹெதர். ஒரே ஒரு வரி மாத்தினேன்."

"ம்" என்று நகர்ந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மனாசே தெரியாமல் காலியாக்கிய ஃபோல்டர் மறுநாள் காலை நிறைந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்வர் அறையில் ஹெதரின் டீ கப் மட்டும் மறந்து கிடந்தது.

இன்று அவன் தன் கப்பை மறக்காமல் எடுத்து வந்திருந்தான்.