கனைக்கத் தெரிந்த கழுதை

ஆற்றுக்கு இந்தக் கரையில் புல் தீர்ந்துபோனதும், செவ்வந்தி என்ற கழுதை அக்கரையில் இருந்த குதிரை நாட்டுக்குப் பிழைக்கப் போனது. விருந்தாளியாக வந்தால் அங்கே ஒரு மழைக்காலம் தங்கலாம். குதிரையைக் கட்டிக்கொண்டால் காலத்துக்கும் தங்கலாம். செவ்வந்தி வேலை விசாவில் போய் மூட்டை சுமந்தது. குளிருக்குப் பழகியது. ஓட்ஸுக்கும் பழகியது.

சில வருஷம் கழித்து நிரந்தர விசா கேட்டு, அந்த நாட்டில் பிறந்த தன் குட்டியோடு அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதிகாரி ஒரு கோவேறு கழுதை.

“எங்களை மாதிரி கனைச்சுக் காட்டு.”

வந்த நாளிலிருந்து கனைத்தே பேசிப் பழகியிருந்ததால் செவ்வந்திக்கு நன்றாகவே வந்தது.

“பாஸ். இனிமே கழுதைக் கத்தல் கூடாது, வீட்டுக்குள்ளேயும்தான். சம்மதமா?”

செவ்வந்திக்கு வாசலில் விட்டுவந்த குட்டியின் நினைவு வந்தது. பிறந்ததிலிருந்து அது அம்மாவின் சொந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

“ஐயா, சின்ன வயசுல உங்கப்பா உங்களை எந்தக் குரல்ல கூப்பிட்டாரு?”

அதிகாரியின் காதுகள் விறைத்தன. அவருடைய அப்பா கழுதை என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“விண்ணப்பம் தள்ளுபடி!”

“இருக்கட்டும் ஐயா. வேலை விசா இருக்கு. முதுகும் இருக்கு.”

செவ்வந்தி வாசலுக்கு வந்தது. அந்த அலுவலகப் படியிலேயே நின்று, தொண்டை கிழியக் கத்திக் குட்டியைக் கூப்பிட்டது. குட்டி முதலில் மிரண்டது. பிறகு வாயைப் பிளந்து, அம்மாவைவிடச் சத்தமாகக் கத்தியது.