கர்ச்சீப் இல்லாத கை

சாரத்தின் உச்சிப் பலகையில் நின்று அவள் வேகமாக வரைந்துகொண்டிருந்தாள்.

இடது கையால்.

வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. உடைந்த எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

"எம்மா, அண்ணாச்சி டோல்கேட்டத் தாண்டியாச்சு!" கீழிருந்து வட்டச் செயலாளர் குத்தாலம் கத்தினார். "இன்னும் கை பாக்கி கெடக்கு. ஒனக்குப் போய் இந்தச் செவத்தக் குடுத்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்."

அவள் திரும்பவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சுவர். ஊரிலேயே பெரியது. தேர்தல் அறிவிக்கும் முன்பே சுண்ணாம்பு அடித்து, கட்சி வேட்பாளரான அண்ணாச்சியின் பெயரை எழுதிப் பிடித்து வைத்த சுவர்.

அதில் அவர் முகம் ஏறிவிட்டால் யாரும் தொட முடியாது. போன தேர்தலில் ஒருவன் தெரியாமல் அந்த முகத்தின் மேல் சுண்ணாம்பு மட்டையை வைத்துவிட்டான்.

இப்போது அவன் மட்டை பிடிப்பதில்லை. பிடிக்க விரல் இல்லை.

இந்தச் சுவருக்காகத்தான் அவள் இடது கையைப் பழக்கினாள். முதலில் கோடுகூட நேராக வரவில்லை. மைல்கல்லில் ஆரம்பித்தாள். பிறகு சலூன் போர்டு. பால்வாடிச் சுவரில் முயலும் யானையும்.

முகம் சீக்கிரமே வசப்பட்டது.

கையை வரைவதுதான் வருடக்கணக்கில் படுத்தியது.

"கர்ச்சீப்ப மறந்துராத! அதாம்ட்டி அண்ணாச்சி ஸ்டைலு!"

வலது உள்ளங்கையைச் சுற்றிக் கட்டிய கர்ச்சீப். மேடையில், போஸ்டரில், மகள் கல்யாணத்தில்கூட அவர் அதை அவிழ்த்ததில்லை. ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் அதேபோல் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

சுவரில் உயர்ந்திருந்த கையில் கர்ச்சீப் இல்லை.

கட்டைவிரலுக்குக் கீழே, சதைமேட்டில், பழுப்பும் சிவப்பும் குழைத்துத் தழும்பு வைத்தாள்.

மேலே ஒரு வளைவு.

கீழே ஒரு வளைவு.

கார்கள் வந்து நின்றன; அண்ணாச்சி இறங்கினார். சரவெடி வெடித்தது. அது ஓய்ந்தபோது யாரும் கோஷம் போடவில்லை.

பூக்காரிதான் முதலில் பேசினாள்.

"ஏட்டி, பல்லுத் தடம்லா அது? ஆத்து மணல்ல ஒரு பிள்ளையப் பாதி உசுரோட பொதச்சிட்டுப் போனானுவளே... அது பல்லுக்கு நடுவுல எவனோ ஒருத்தன் சதை இருந்துச்சுன்னு பேப்பர்ல போட்டானே!"

"சத்தம் போடாத, பெரிம்மா," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"அந்தப் பிள்ள பொழச்சுதா இல்லியான்னுகூட ஒருத்தனும் சொல்லலியே."

அண்ணாச்சி கர்ச்சீப் கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அழிங்கலே."

சுண்ணாம்பு வாளி பக்கத்திலேயே இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

"ஒங்க படத்து மேலயா சுண்ணாம்பு, அண்ணாச்சி?" என்றார் குத்தாலம். "தேர்தல் நேரம்... அபசகுனம்லா?"

கையை மட்டும் அழி என்று சொல்ல அண்ணாச்சி வாயெடுத்தார். ஏன் என்று ஊர் கேட்கும்.

கூட்டத்தில் செல்போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

அவர் சாரத்தின் அடியில் வந்து நின்றார். சவுக்குக் கம்பைப் பிடித்தார். லேசாக ஆட்டிப் பார்த்தார்.

மேலே பலகை நடுங்கியது.

"நான் குடுத்த போட்டோல இது இல்லியே." சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "எதப் பாத்துட்டி வரஞ்ச?"

அவள் பிரஷ்ஷை வைத்தாள். முதல் முறையாகக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பாக்கல. அன்னைக்கு ஆத்துல கும்மிருட்டு. மூஞ்சி தெரியல, கொரல்தான் கேட்டுச்சு."

கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஆனா, கை எப்பிடி இருக்கும்னு எம் பல்லுக்குத் தெரியும்."