மஞ்சள் பெல்ட் வரைக்கும்

"ஜலால் கராத்தே மட்டும்தான் கத்துப்பான். நடுவுல எதையும் கலக்கக் கூடாது. அவ்ளோதான்!"

சொல்லிவிட்டு அசார் கைகளை மார்பில் கட்டிக்கொண்டான். அஸ்தினாபுரம் மொட்டை மாடி ஒன்றில் கராத்தே வகுப்பு நடத்துகிறவன். தயிர்சாதத்தில்கூட ஊறுகாய் படாமல் சாப்பிடும் அளவுக்குக் கொள்கைப் பிடிப்பு.

"அதெல்லாம் முடியாது. அஞ்சு வயசுலயே எம்.எம்.ஏ.தான்," என்றாள் நிகத். பெருங்களத்தூர் ஜிம்மில் எல்லாச் சண்டையும் கலந்து சொல்லித்தரும் கோச். "குத்து, உதை, குஸ்தி எல்லாம் சேர்ந்தே வரணும்."

"எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டினா அது கலை இல்ல, தால்சா! பருப்பு, கத்திரிக்கா, எலும்புன்னு மிதக்கும்."

"ஏன், தால்சா இல்லாம உங்க வீட்ல பிரியாணி இறங்குமா?"

இறங்காது. அசார் அவசரமாகப் பேச்சை மாற்றினான். "ஒரே குத்தைப் பத்து வருஷம் குத்திப் பழகினவன் நான்."

"காத்துலதானே? ஒருத்தன் ஜலால் இடுப்பைப் புடிச்சுக் கீழ உருட்டினா என்ன பண்ணுவான்? படுத்துக்கிட்டே குனிஞ்சு வணக்கம் சொல்லுவானா?"

"கிட்ட வர விட்டாத்தானே!"

அசார் காலைச் சுழற்றிக் காட்டினான். காற்று நன்றாகத்தான் கிழிந்தது. கூடவே மேசையிலிருந்த பூச்சாடியும் பறந்தது. தரையைத் தொடுவதற்குள் நிகத் பாய்ந்து பிடித்தாள்.

"பாத்தீங்களா? உதைக்க மட்டும் தெரிஞ்சா போதாது சார். புடிக்கவும் தெரியணும்."

அசாருக்குக் காது சிவந்தது. "அப்போ இது ஒத்துவராது. நான் கிளம்பறேன்."

"கிளம்புங்க. யாரு தடுத்தா?"

யாரும் தடுக்கவில்லை. கதவும் திறந்தேதான் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. இவளை விட்டுப் போய்விட்டால் இப்படிச் சண்டை போட வேறு யார் கிடைப்பார்கள்?

"சரி... பச்சை பெல்ட் வரைக்கும் கராத்தே. அப்புறம் உங்க தால்சா."

"மஞ்சள் பெல்ட் வரைக்கும்."

"மஞ்சளா? அது மூணே மாசத்துல..." அவள் பார்வையைப் பார்த்தான். "சரி, மஞ்சள்."

அப்போது நிகத்தின் அம்மா ஷரீஃபா தயங்கித் தயங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. பத்து நிமிஷம் தனியா பேசணும்னு போனீங்க, முக்கால் மணி நேரம் ஆச்சு. பொண்ணைப் புடிச்சிருக்கா இல்லையான்னு ஹால்ல உங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க..."

நிகத் முதல் முறையாகத் தலை குனிந்துகொண்டாள்.

"இனிமே பொறக்கப்போற ஜலாலோட அத்தாவையே கேளும்மா."