நேயர் சொன்ன சொல்

"மறுபடியும் அந்த ஆளேதான்! நீ எடுக்காதே."

செய்தி ஆசிரியை ரிசீவரை வைத்த வேகத்தில் மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பை ஆடியது.

எதிரே நின்றிருந்த பெண் அன்றுதான் அந்த வானொலி நிலையத்தில் முதல் முறையாகச் செய்தி வாசித்திருந்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்து முடித்து, ஒலிபரப்பு அறையின் கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. அவளுடைய இனத்திலிருந்து அங்கே செய்தி வாசிக்க வந்த முதல் ஆள் அவள்தான்.

"யார் மேடம்? என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல, விடு. வேலையத்தவன்."

"என்னைப் பத்தித்தானே?"

ஆசிரியைக்குப் பொய் சொல்ல வராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார். "இப்ப வாசிச்ச பொண்ணு நிறத்தவரான்னு கேக்கறான். எந்தக் காலத்துல இருக்கான் இவன்! அந்த வார்த்தையை நம்ம செய்தியிலேருந்து தூக்கி எத்தனையோ வருஷமாச்சு."

பூரிப்பு வடிந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து ராகம் போட்டு, அவள் இனத்தாருக்கு மற்றவர்கள் வைத்திருந்த அந்த வார்த்தையைக் கத்துவார்கள். ஒரு நாள் அவள் திரும்பி, "உனக்கு மட்டும் நிறம் இல்லையா? நீ என்ன கண்ணாடியா?" என்று கேட்டாள். மறுநாள் அவர்கள் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

இப்போது கவலை வேறு. நிலைய இயக்குநர் அவளுக்கு ஒரு வாரம்தான் கொடுத்திருந்தார். "நேயர்கள் ஏத்துக்கறாங்களான்னு பார்ப்போம்" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார். முதல் நாளே இப்படி ஒரு புகார் அவர் காதுக்குப் போனால்?

தொலைபேசி மறுபடி அலறியது. ஆசிரியை கை நீட்டுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான் பேசறேன் மேடம்."

"வேண்டாம்மா. நல்ல நாளும் அதுவுமா மனசைக் கெடுத்துக்காதே."

"ஒவ்வொருத்தர் கூப்பிடும்போதும் நீங்க குறுக்கே வந்து நிக்க முடியுமா?"

ஆசிரியை பெருமூச்சு விட்டு, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம். செய்தி வாசிச்சது நான்தான். சொல்லுங்க."

மறுமுனையில் இருமல். பிறகு கரகரத்த, வயதான ஆண் குரல். "நீதானா? ஆரம்பத்துல பேர் சொன்னியே, அந்தப் பேரைக் கேட்டுத்தான் சந்தேகம் வந்துது. நீ நிறத்தவர்தானே?"

"ஐயா, அந்த வார்த்தையை இப்ப யாரும் சொல்றதில்லை. கேட்டா மனசு வலிக்குது."

"வலிக்குதா?" குரலில் உண்மையான திகைப்பு. "எங்க காலத்துல அப்படித்தான் சொல்லுவோம்."

"காலம் மாறிடுச்சு ஐயா."

"மாறித்தான் போச்சு. ஒரு நிறத்தவர் ரேடியோவுல உட்கார்ந்து செய்தி வாசிப்பாங்கன்னு நான் கனவுலகூட நினைச்சதில்லை."

ஆசிரியை இணைப்பைத் துண்டிக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"நான் நல்லா வாசிக்கலைன்னா சொல்லுங்க, திருத்திக்கறேன். என் பிறப்பை என்னால திருத்திக்க முடியாது. திருத்தவும் வேண்டியதில்லை."



"கோவிச்சுக்காதேம்மா" என்றார் அவர், தணிந்த குரலில். "பொண்டாட்டி போனப்புறம் வீட்டுல பேச ஆள் கிடையாது. வெளியேயும் போறதில்லை. எந்த வார்த்தை எப்ப கெட்டுப்போச்சுன்னு எனக்கு யார் வந்து சொல்றா? சரி, இப்ப என்னன்னு சொல்லணும்?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தன் இனத்தின் பெயரைச் சொன்னாள். அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட, வீட்டுக்குள் மட்டும் புழங்கி வந்த பழைய பெயர். "இப்ப எல்லா இடத்திலும் அதையேதான் சொல்றாங்க. பாடப் புத்தகத்துல, செய்தியில, எல்லாத்துலயும்."

"செய்தியிலயுமா?"

"ஆமா. இன்னிக்கு நானே வாசிச்சேனே, நீங்க கவனிக்கலையா?"

"உன் பேரைக் கேட்டதும் மத்ததெல்லாம் காதுல ஏறலம்மா." அவர் அந்தப் பெயரை ஒரு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் உரக்க. "நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசை இந்த வாய் அவ்வளவு சீக்கிரம் விடாது. தவறி வந்துட்டா பொறுத்துக்கணும்."

"ஏன் ஐயா, ஒரு வார்த்தையை விடறது அவ்வளவு கஷ்டமா?" அவள் குரலில் சற்றே சூடு ஏறியது.

"மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்குக் கஷ்டம்மா. அந்தக் காலத்துல உங்க ரேடியோவுல நம்ம இனத்தைக் 'கரியன்'னுதான் வாசிப்பாங்க. அதை விட்டுட்டு மரியாதையா 'நிறத்தவர்'னு சொல்லுங்கன்னு கேட்டு, நீ இப்ப நிக்கிற கட்டடத்து வாசல்ல உட்கார்ந்து, போலீஸ்கிட்ட அடி வாங்கி முன்பல்லைப் பறிகொடுத்தவன் நான்."